கிளாக்டனில் இருந்தது ஒரே ஒரு நடனக்கூடம்

1964 மார்ச் கடைசி, ஈஸ்டர் விடுமுறை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிளாக்டன் என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர். கிழக்கு லண்டனில் வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் ஈஸ்டருக்கு அங்கே போவது வழக்கம். அந்த வருஷம் ஒரே மழை, குளிர். எண்பது வருஷத்தில் அப்படிக் குளிரான ஈஸ்டர் ஞாயிறு வந்ததில்லை. கடைக்காரர்களுக்கு வியாபாரம் இல்லை, வந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை. சில காப்பிக் கடைகளில் பையன்களை உள்ளே விடுவதில்லை என்று பேச்சு பரவியது. நடைபாதையில் தள்ளுமுள்ளு ஆனது, கொஞ்சம் கல் பறந்தது. ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் கடலோரச் சாலையில் உறுமிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தன. சில கண்ணாடிகள் உடைந்தன. மணலில் இருந்த மரக்குடில்கள் சில சேதமாயின. ஒரு பையன், ஓட்டப் பந்தயம் தொடங்கிவைக்கிற துப்பாக்கியை வானத்தைப் பார்த்து வெடித்தான். போலீஸ் 97 பேரைப் பிடித்தது. சேதத்தைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 500 பவுண்டு.

திங்கட்கிழமை காலையில் லண்டன் நாளிதழ்களைப் பிரித்தவர்களுக்கு வேறொரு கிளாக்டன் தெரிந்தது. ஸ்கூட்டர் கும்பல் ஊரையே பயத்தில் ஆழ்த்தியது என்றது ஒரு தலைப்பு. காட்டுப் பிள்ளைகள் கடற்கரை மேல் படையெடுத்தார்கள் என்றது இன்னொன்று. கடலோர நடனக்கூடங்களின் கண்ணாடிகள் எல்லாம் நொறுங்கியதாகவும் செய்தி வந்தது. அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு நடனக்கூடம். அதிலும் சில கண்ணாடிகள்தான் போயிருந்தன. ஒருமையைப் பன்மையாக்கினாலே போதும், கலாட்டா கலவரமாகிவிடும். பெல்ஜியத்துப் பத்திரிகை ஒன்று, 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படம் ஆங்கிலக் கரையில் நிஜமாகவே நடக்கிறது என்ற பாணியில் புகைப்படம் போட்டது. செய்தியை மிகைப்படுத்திவிட்டோம் என்று 'டெய்லி மிரர்' உதவி ஆசிரியர் ஒருவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

இந்த ஒருமை பன்மைக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து சரிபார்த்தவர் ஸ்டான்லி கோஹன். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து லண்டனுக்குப் படிக்க வந்த சமூகவியலாளர். விடுமுறை நாட்களில் தானே அந்தக் கடற்கரை ஊர்களுக்குப் போனார். பிடிபட்ட பையன்கள், கடைக்காரர்கள், போலீஸ், வேடிக்கை பார்த்தவர்கள் என்று பலரையும் கவனித்தார், பத்திரிகைக் கத்தரிப்புகளை வரி வரியாக ஒப்பிட்டார். 1972-ல் அவர் புத்தகம் வந்தது. ஒரு சமூகம் திடீரென்று ஒரு கூட்டத்தை ஊர்ப்பேய் ஆக்கி, தன் கவலைகள் அத்தனையையும் அதன் தலையில் ஏற்றுவதை அவர் 'ஒழுக்கப் பீதி' என்று சொன்னார். இன்று உலகம் முழுக்கச் செய்தித்துறை மாணவர்கள் படிக்கிற சொல் அது.

அந்தக் கடற்கரைப் பையன்களைப் போன்ற கூட்டங்களை இளைஞர்களின் துணைப்பண்பாடு என்கிறார்கள். எதை அப்படிச் சொல்கிறோம்? பெரிய சமூகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, தனக்கென்று ஓர் உடை, ஒரு நடை, ஒரு பேச்சு, கூடுகிற இடம், கேட்கிற பாட்டு என்று வைத்துக்கொள்ளும் கூட்டம். இதில் பாட்டுதான் பசை. வேலை முடிந்து ராத்திரி எங்கே போவது, யாரோடு சேர்வது, எதைப் பற்றிப் பேசுவது என்பதற்கெல்லாம் அது காரணம் தருகிறது. இவர்கள் தெருவிலிருந்து தானாக முளைத்து வந்தவர்கள், ஊடகம் பிறகு வந்து கெடுத்துவிட்டது என்று பொதுவாக நம்புகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிரிட்டனின் கதையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், தொட்டில் கட்டும்போதே ஊடகம் பக்கத்தில் நிற்கிறது. பல சமயம் பேர் வைப்பதே அதுதான்.

டெடி பாய்ஸ் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனின் சாவில் ரோ தையல்காரர்கள், பணக்கார வாலிபர்களுக்காக ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்து நீளக் கோட்டை மறுபடி வெட்டித் தைத்தார்கள். அங்கே அது அதிகம் எடுபடவில்லை. தெற்கு லண்டனின் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் அதே வெட்டைத் தங்கள் வசதிக்குத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். 1953-ல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' தலைப்பு ஒன்று 'எட்வர்டியன்' என்பதைச் சுருக்கி 'டெடி' ஆக்கியது. பையன்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1956-ல் பில் ஹேலியின் ராக் அண்ட் ரோல் படம் திரைக்கு வந்தபோது அவர்கள் சினிமாக் கொட்டகையில் எழுந்து ஆடினார்கள், சில இடங்களில் இருக்கைகளைக் கிழித்தார்கள். பல ஊர்களின் நகரசபைகள் படத்துக்குத் தடை போட்டன. அடுத்த ஊர் கொட்டகையில் என்ன செய்ய வேண்டும் என்று பையன்கள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனார்கள்.

மாட்ஸ் வேறு தினுசு. 'மாடர்ன் ஜாஸ்' ரசிகர்கள் என்பதிலிருந்து வந்த பெயர். இத்தாலிய வெட்டில் இறுக்கமான சூட், ஒட்ட வெட்டிய முடி, வெஸ்பா அல்லது லாம்பிரெட்டா ஸ்கூட்டர், சூட் அழுக்காகாமல் இருக்க மேலே அமெரிக்கப் பட்டாளத்துப் பழைய பார்க்கா கோட்டு. பகலில் அலுவலகப் பையனாகவோ கடை உதவியாளாகவோ இருப்பான். சம்பளத்தில் பெரும்பங்கு துணிக்கும் இசைத்தட்டுக்கும் போகும். அவர்கள் காது கொடுத்தது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகளுக்கும் ஜமைக்காவின் ஸ்காவுக்கும். எதிர்ப்பக்கம் ராக்கர்ஸ்: தோல் ஜாக்கெட், ட்ரையம்ஃப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் மோட்டார் சைக்கிள்கள், எடி காக்ரன், ஜீன் வின்சென்ட் பாட்டுகள். இரண்டு கூட்டத்துக்கும் ஆகாதுதான். ஆனால் கிளாக்டனில் நடந்தது மாட்ஸுக்கும் ராக்கர்ஸுக்கும் இடையிலான போர் அல்ல. அங்கே முதல் உரசல் உள்ளூர்ப் பையன்களுக்கும் லண்டன் பையன்களுக்கும்தான். முதல் நாள் தலைப்புகளில்கூட 'ஸ்கூட்டர் கும்பல்', 'தோல் ஜாக்கெட்' என்றுதான் இருந்தது. இரண்டு அணி, இரண்டு சீருடை, நடுவில் பகை என்ற சித்திரம் அடுத்த வாரங்களில் பத்திரிகைப் பக்கங்களில் உருவானது. எந்தப் பக்கம் என்று அதுவரை யோசிக்காத பையன்களும் மே மாத விடுமுறைக்குள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

அதே ஈஸ்டர் சனிக்கிழமை, மார்ச் 28 அன்று, அதே கரையோரத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. கிளாக்டனுக்கு வடக்கே பீலிக்ஸ்டோவ் துறைமுகத்துக்கு வெளியே, அரசின் கடல் எல்லைக்கு அப்பால் நங்கூரமிட்ட ஒரு கப்பலிலிருந்து 'ரேடியோ கரோலைன்' ஒலிபரப்பைத் தொடங்கியது. நடத்தியவர் ரோனன் ஓ'ராஹிலி என்ற அயர்லாந்து இளைஞர். லண்டன் சோஹோவில் மாட்ஸ் இரவெல்லாம் கூடி ஆடிய 'ஸீன்' கிளப்பும் அவர் கையில் இருந்தது. ஏன் கப்பலுக்குப் போக வேண்டும்? அப்போது பிரிட்டனில் வானொலி என்றால் பி.பி.சி. மட்டும்தான். இசைக்கலைஞர் சங்கத்தோடும் ரெக்கார்டு கம்பெனிகளோடும் அதற்கிருந்த ஒப்பந்தப்படி, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு ஒலிக்கலாம். பையன்கள் தேடிய பாட்டு அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அடங்கவில்லை. 1967 ஆகஸ்டில் சட்டம் போட்டுக் கடல் வானொலிகளை முடக்கிய அரசு, செப்டம்பர் 30 அன்று பி.பி.சி.யிலேயே 'ரேடியோ 1' என்ற பாப் இசை அலைவரிசையைத் திறந்தது. கப்பலில் பேசியவர்கள் பலர் அங்கே வேலைக்கு வந்தார்கள்.

தொலைக்காட்சியும் சும்மா இருக்கவில்லை. 1963 ஆகஸ்டிலிருந்து வெள்ளிக்கிழமை மாலைகளில் 'ரெடி ஸ்டெடி கோ' வந்தது. மேடையில் பாடகர்கள், சுற்றிலும் ஆடும் பையன்களும் பெண்களும். ஆடுகிறவர்களை சோஹோ கிளப்புகளிலிருந்தே அழைத்து வந்தார்கள். இந்த வாரம் லண்டனில் என்ன காலர், என்ன ஆட்டம் என்று ஸ்காட்லாந்தில் இருக்கிறவன் அன்றே பார்த்துவிடலாம். சில நூறு பேரின் ரகசியமாக இருந்தது சில மாதங்களில் நாடு தழுவிய பாணியானது. முதல் மாட்ஸ் இதை வெறுத்தார்கள். எல்லோரும் போடுகிற சட்டையைத் தாங்கள் எப்படிப் போடுவது?

1964 மே மாதம் மார்கேட், பிரைட்டன், போர்ன்மத் ஊர்களில் மறுபடி கலாட்டா. இந்த முறை நிருபர்களும் புகைப்படக்காரர்களும் முன்கூட்டியே போய்க் காத்திருந்தார்கள். அங்கே வன்முறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அடிதடி இருந்தது, காயம் பட்டவர்களும் உண்டு. மார்கேட் நீதிமன்றத்தில் ஒரு 17 வயதுப் பையனுக்கு 75 பவுண்டு அபராதம் போட்டார்கள். செக் எழுதித் தருகிறேன் என்றான் அவன். மறுநாள் நாடெங்கும் அதுதான் பேச்சு: பார், எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு பணம்! உண்மையில் அவனுக்கு வங்கிக் கணக்கே கிடையாது. கூண்டில் நின்ற பையனின் வீம்பு அது. அந்த ஊரில் பிடிபட்டவர்களைப் பின்னர் விசாரித்தபோது அவர்களின் சராசரிச் சம்பளம் வாரம் 11 பவுண்டு என்று தெரியவந்தது. அந்தச் செக் கதையைத்தான் பல வருஷம் கழித்தும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வாரம் 11 பவுண்டு வாங்குகிறவனைப் பணத்திமிர் பிடித்தவனாகக் காட்டியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸ் ஊருக்குப் போலீஸாரை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அதே வருஷம் பொருட்சேதத்துக்குக் கடுமை கூட்டி ஒரு சட்டம், மாட்ஸ் விழுங்கிய ஊக்க மாத்திரைகளுக்கு எதிராக இன்னொரு சட்டம். எல்லாம் சேர்ந்து, கடற்கரைக்குப் போனால் ஏதோ நடக்கும் என்று நாடு முழுக்க விளம்பரம் செய்தது போல ஆயிற்று.

பன்னிரண்டு வருஷம் கழித்து பங்க் என்ற இசைக்கூட்டம் வந்தபோது ஊடகத்தின் இந்தப் பீதி இயந்திரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. 1976 டிசம்பர் 1, மாலை. தேம்ஸ் தொலைக்காட்சியின் 'டுடே' நேரடி நிகழ்ச்சி. வர வேண்டியிருந்தது 'குயின்' குழு. கடைசி நேரத்தில் அவர்களால் முடியவில்லை. அதே ஈ.எம்.ஐ. கம்பெனி, தன் புதுக் குழுவான 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' பையன்களை அனுப்பிவைத்தது. தொகுப்பாளர் பில் கிரண்டி ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். பின்னால் நின்ற சூசி என்ற இளம்பெண்ணிடம் வழிந்தார். கிட்டார்க்காரன் ஸ்டீவ் ஜோன்ஸ் அதற்காக அவரைத் திட்ட, இன்னும் ஏதாவது சொல்லேன் பார்க்கலாம் என்று கிரண்டியே உசுப்பினார். அவனும் சொன்னான். சில நிமிஷத்தில் நிகழ்ச்சி முடிந்தது. தேம்ஸ் நிகழ்ச்சி தெரிந்தது லண்டன் வட்டாரத்தில் மட்டும். மான்செஸ்டரிலோ கார்டிஃபிலோ யாரும் அந்தக் கெட்ட வார்த்தைகளைக் கேட்கவில்லை. மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கம்தான் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. கோபத்தில் ஒரு லாரி ஓட்டுநர் தன் டி.வி.யை உதைத்து உடைத்ததும் அதில் செய்தி.

அடுத்து நடந்தவை மளமளவென்று நடந்தன. கிரண்டி இரண்டு வாரம் இடைநீக்கம். குழுவின் சுற்றுப்பயணத்தில் பெரும்பாலான ஊர்கள் கதவைச் சாத்தின. வேல்ஸில் கெயர்ஃபிலி என்ற ஊரில், உள்ளே அவர்கள் வாசிக்க, வெளியே ஊர்க்காரர்கள் நின்று கிறிஸ்துமஸ் கீதம் பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஜனவரியில் ஈ.எம்.ஐ. கைகழுவியது. மார்ச்சில் ஏ அண்ட் எம் கம்பெனி பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் வைத்து ஒப்பந்தம் போட்டு, ஒரு வாரத்தில் விலகியது. மே மாதம் வர்ஜின் எடுத்துக்கொண்டது. ராணியின் வெள்ளிவிழா நேரத்தில் வெளிவந்த அவர்களின் தட்டை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது, பெரிய கடைகள் விற்க மறுத்தன. அப்படியும் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம். ஒரு கடைத்தொடர், தன் பட்டியலில் அந்தப் பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெற்றாகவே விட்டது. பார்க்கிற எல்லோருக்கும் அது எந்தப் பாட்டு என்று தெரிந்திருந்தது.

பங்க்கில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கூச்சல் அல்ல, அவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட ஊடகம். 1976 ஜூலையில் மார்க் பெர்ரி என்ற வங்கி குமாஸ்தா 'ஸ்னிஃபின் க்ளூ' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். நம்மூர் கையெழுத்துப் பத்திரிகைகளை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் விளையாடுகிற தட்டச்சு இயந்திரத்தில் அடித்தது, தலைப்புகள் ஸ்கெட்ச் பேனாவில் கிறுக்கியது, அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே கிடக்கும். ஜெராக்ஸ் எடுத்து ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்தால் இதழ் தயார். முதல் இதழ் ஐம்பது பிரதி அளவுக்குத்தான். ஒரு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் விற்ற நேரத்தில் பெர்ரி அதை நிறுத்திவிட்டு, படிக்கிறவர்களையே பத்திரிகை தொடங்கச் சொன்னார். பலர் தொடங்கினார்கள். 'சைட்பர்ன்ஸ்' என்ற இன்னொரு கைப்பத்திரிகை, கிட்டாரில் விரல் வைக்க வேண்டிய மூன்று இடங்களைப் படம் வரைந்து காட்டி, இனி நீயே ஒரு குழு ஆரம்பிக்கலாம் என்று வாசகனை அனுப்பிவைத்தது. மான்செஸ்டரின் 'பஸ்காக்ஸ்' குழு, வீட்டிலும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் ஆயிரம் தட்டு தானே அச்சிட்டது. கம்பெனி வாசலில் நிற்காமல் பாட்டை வெளியே கொண்டுவரலாம் என்று அதைப் பார்த்துத்தான் நிறையப் பேருக்குத் தைரியம் வந்தது.

பங்க் கூட்டம் கூடிய லண்டன் ராக்ஸி கிளப்பில் தட்டுப் போட்டவர் டான் லெட்ஸ், ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் மகன். தொடக்கத்தில் போடுவதற்குப் பங்க் தட்டுகளே அதிகம் இல்லை. அதனால் தன் வீட்டிலிருந்த ரெகே தட்டுகளைப் போட்டார். வெள்ளைப் பையன்கள் அதற்குக் காது கொடுத்தார்கள். 'தி க்ளாஷ்' என்ற பங்க் குழுவின் பாட்டில் ரெகே கலந்தது இந்தச் சூழலில்தான். எந்த நாளிதழும் இதை முதல் பக்கத்தில் போடவில்லை.

இந்தக் கதைகளில் பெண்கள் எங்கே? பிர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஸ்டுவர்ட் ஹால் தலைமையில் இருந்த ஆய்வு மையத்தில், எழுபதுகளின் நடுவில் ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். தெருமுனையிலும் கடற்கரையிலும் நின்றவர்களைத்தான் நிருபர்களும் பார்த்தார்கள், ஆய்வாளர்களும் பார்த்தார்கள். பதினான்கு வயதுப் பெண்ணை ராத்திரி தெருவில் நிற்க வீட்டில் விடுவதில்லை. அவள் தோழிகளோடு படுக்கையறையில் உட்கார்ந்து, சுவரில் பாடகன் படம் ஒட்டி, தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வாரப் பத்திரிகை படித்து ஒரு பண்பாட்டை வளர்த்தாள். அதில் கண்ணாடி எதுவும் உடையவில்லை, அதனால் அது செய்தியாகவும் இல்லை. மொத்தக் கதையிலும் பெரிய ஓட்டை இது என்றே நான் நினைக்கிறேன்.

1988-ல் ஆசிட் ஹவுஸ் வந்தது. இயந்திரத் தாளத்துக்கு விடிய விடிய ஆடுகிற கூட்டம், சிரிக்கும் மஞ்சள் முகம் அதன் சின்னம். 'தி சன்' நாளிதழ் அக்டோபரில் அந்த முகம் போட்ட டி-ஷர்ட்டை வாசகர்களுக்கு விற்க முன்வந்தது. சில நாளிலேயே அதே பத்திரிகை, இந்த ஆட்டம் பிள்ளைகளைப் போதை மாத்திரைக்குப் பலி கொடுக்கிறது என்று பெற்றோரை எச்சரித்தது. மாத்திரை நிஜம், ஆபத்தும் நிஜம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்துத்தான் பல ஊர்ப் பையன்கள் ஆட்டம் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். லண்டனைச் சுற்றிய எம்-25 சாலையோரக் கிடங்குகளிலும் வயல்களிலும் கூடினார்கள். இடம் எது என்பது கடைசி நேரத்தில் ஒரு தொலைபேசி எண்ணில் பதிவுக் குரலாக வரும். ஆய்வாளர் சாரா தார்ன்டன் 1995-ல் எழுதிய புத்தகத்தில் இதைப் பிரித்துக் காட்டினார்: நோட்டீசும் கைப்பத்திரிகையும் கூட்டத்தைச் சேர்க்கின்றன, இசைப் பத்திரிகைகள் அதற்குப் பெயரும் வரலாறும் கொடுக்கின்றன, பெரிய நாளிதழின் கண்டனம் அதற்குப் புரட்சிப் பட்டம் கட்டுகிறது.

1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் ஒரு வாரம் ஆட்டம் நடந்தது. தொலைக்காட்சிச் செய்தி காட்டக் காட்ட வண்டிகள் வந்துகொண்டே இருந்தன, கூட்டம் இருபதாயிரத்தைத் தாண்டியது. வழக்குப் போடப்பட்டவர்கள் 13 பேர். 1994-ல் அவர்கள் எல்லோரும் விடுதலையானார்கள். அதே வருஷம் நாடாளுமன்றம் குற்றவியல் நீதிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் 63-ஆம் பிரிவு, இரவில் திறந்தவெளியில் கூடும் ஆட்டத்தைக் கலைக்கப் போலீஸுக்கு அதிகாரம் தந்தது. எந்த இசை என்று சொல்ல வேண்டுமே? அடுத்தடுத்து ஒரே மாதிரி விழும் தாளத்தை முதன்மையாகக் கொண்ட ஒலியும் இசையே என்று சட்டத்தில் எழுதிவைத்தார்கள். 'ஆட்டெக்கர்' என்ற இரட்டையர், சட்டம் நிறைவேறும் முன்பே அதை எதிர்த்து ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதில் ஒரு பாட்டில் எந்த இரண்டு தாளச் சுற்றும் ஒன்றுபோல இருக்காது. போலீஸ் வந்தால் தாளம் ஒன்றுபோல இல்லை என்று காட்ட ஒரு வக்கீலையும் ஓர் இசையறிஞரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உறையில் அறிவுரையும் ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில் 100 பேர் கூடினால்தான் அது பொருந்தும் என்று இருந்தது. 2003-ல் அந்த எண்ணிக்கையை 20 ஆகக் குறைத்தார்கள்.